ஏன் செய்தான் என்று சொல்லும் புத்தகம்

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்றதும் ஜூலி வழக்கம்போல வீட்டுச் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. கோயிலில் புது ஃபாதர் வந்திருக்கிறார். முருங்கை மரம் காற்றில் ஒடிந்துவிட்டது. ஆரோக்கிய ஜெகன் எதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் மனுப் போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் வலையருகில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அக்கா, எனக்கு புக்கு வேணும்."

கடலூர் மத்திய சிறைக்குள் போன பிறகு அவனாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அன்றுதான். சோப்பு வேண்டுமா, சட்டை வேண்டுமா என்று எத்தனை முறை கேட்டிருப்பாள்! எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல்தான்.

"என்னா புக்குடா? பைபிளா?"

"அது இங்க இருக்குது. கதை புக்கு. கொலைக் கதை."

ஜூலி திடுக்கிட்டு, சற்றுத் தள்ளி நின்ற காவலரைப் பார்த்தாள். அவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க உள்ள லைப்ரரில கெடச்சதெல்லாம் படிச்சிட்டேன்க்கா. எல்லாத்துலயும் யாரு கொன்னாங்கன்னு கடைசி பக்கத்துல சொல்றாங்க. அது எனக்கு எதுக்கு? யாரு கொன்னான்னு தெரியாமயா நான் இங்க உக்காந்துருக்கேன்? ஏன் செஞ்சான்னு சொல்ற கதை வேணும். செஞ்சவன் மண்டைக்குள்ள என்னா ஓடுச்சுன்னு எழுதுனவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல. தேடிப் பாரேன்."

அவன் கண்ணில் ஓர் ஆவல் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜூலிக்கு அழுகை முட்டியது. சரி என்றாள்.

நடந்தது இதுதான். குடிகாட்டில் ஜெகன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி செந்தமிழ்செல்வனின் வீடு. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஐ.டி.ஐ., பிறகு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஒருவனை மற்றவன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஒரு மதியம் ஷிப்ட் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது, பேசிச் சிரித்துக்கொண்டிருந்த ஜெகன், அங்கே நின்ற லாரியின் ஓரத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து செல்வனின் தலையில் அடித்தான். ஓடவில்லை. செல்வனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் வரும் வரை அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

பெண் விவகாரமா, கொடுக்கல் வாங்கலா, சாதிச் சண்டையா, மதச் சண்டையா என்று போலீசார் துருவினார்கள். ஒன்றும் இல்லை. குடியும் இல்லை. ஏன் அடித்தாய் என்று யார் கேட்டாலும் ஜெகன் "தெரியல" என்றான். தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். வக்கீல் லூர்துசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஏதாவது ஒரு காரணம் சொன்னாத்தானம்மா நான் வாதாட முடியும்? தெரியலங்கிறவனுக்கு நான் என்னா வாதாடுறது?"

ஜூலி சிதம்பரத்தில் மேல வீதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கி, வாரக் கடைசியில் குடிகாட்டுக்கு வந்து போவாள். அவளுக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பழக்கமே கிடையாது. மஞ்சக்குப்பத்து நூலகத்தில் போய்க் கேட்டாள். அங்கிருந்த அம்மாள் பரிவோடு ஒரு கட்டுத் துப்பறியும் நாவல்களை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றின் அட்டையிலும் துப்பாக்கியும் ரத்தச் சொட்டும். ஜூலி நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். ஜெகன் சொன்னது சரிதான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு போலீஸ் அதிகாரி காலை ஆட்டிக்கொண்டு, "நீதான் கொலையாளி" என்று விரல் நீட்டினார். அதோடு கதை முடிந்தது.

போனில் தேடினாள். கொலைகாரனின் மனதுக்குள் போய் எழுதுகிற ஆசிரியர்கள் யார் யார் என்று கேட்டதற்கு வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் எங்கோ குளிர் நாட்டுக்காரர்களின் பெயர்கள், இங்கிலீஷ் புத்தகங்கள். ஜெகன் தமிழில் படித்தவன். மருந்துச் சீட்டு இங்கிலீஷைத் தாண்டி ஜூலிக்கும் வராது. அந்தப் பெயர்களைத் திரையில் தள்ளிக்கொண்டே போனபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. உலகத்தில் இத்தனை பேர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். தன் தம்பிக்கு எட்டுகிற தூரத்தில்தான் ஒருவரும் இல்லை.

விடுதியில் அவளுடைய அறையில் தங்கியிருந்த அனுப்பிரியா பல்கலைக்கழகத்தில் தமிழில் ஆராய்ச்சி செய்பவள். ஜெகன் விஷயம் அவளுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டாள். ஜூலியே ஒரு நாள் கேட்டாள்.

"நீ கேக்குற மாதிரி தமிழ்ல ரொம்ப கம்மி ஜூலி," என்றாள் அனுப்பிரியா. "கண்டுபிடிக்கிற கதை நெறைய இருக்கு. புரிஞ்சிக்கிற கதைதான் இல்ல." சற்று யோசித்துவிட்டு, "லால்பேட்டைல ஒருத்தர் இருக்காரு. ரஃபியுதீன்னு பேரு. வளைகுடால இருந்தவரு. 'வெந்நீர்க் கடை'ன்னு ஒரு நாவல் எழுதுனாரு. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சார் அதைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாரு. கடையில எங்கயும் கெடைக்காது. நேர்ல போனா அவரே குடுப்பாருன்னு நெனைக்கிறேன்."

மறு வாரம் ஜூலி காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி லால்பேட்டையில் இறங்கினாள். பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் விசாரித்ததும், "கதை எழுதுற பாய் வூடா?" என்று கை காட்டினார்கள். ரஃபியுதீன் உயரமான, மெலிந்த மனிதர். புத்தகம் தேடி ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. அவருடைய மனைவி ஆசியா உம்மாள், "இவுங்க புக்கு கேட்டு வந்த ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்," என்று சிரித்துக்கொண்டே சர்பத் கொண்டுவந்து வைத்தார். விற்காத பிரதிகள் மாடிப்படிக்கு அடியில் துணி போட்டு மூடியிருந்தன.

ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, "யாருக்கும்மா?" என்று கேட்டார்.

பொய் சொல்லத்தான் ஜூலி நினைத்து வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. உள்ளே போகத் திரும்பிய ஆசியா உம்மாள் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அந்தக் கதையில வர்ற மாதிரி ஒண்ணு நெசமாவே நடந்துச்சும்மா," என்றார் ரஃபியுதீன். "நான் சபர்ல, வளைகுடால இருந்தப்ப, எங்க ரூம்ல. ரெண்டு பேரும் ஒரே சஹன்ல, ஒரே தட்டுல சாப்புடுறவங்க. ஒரு வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வந்து ஒருத்தன் இன்னொருத்தன குத்திட்டான். ஏன்னு அவன் யார்ட்டயும் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல."

"பொறவு உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

"எங்க தெரிஞ்சுது? ரெண்டு பேரும் எனக்கு வேண்டப்பட்டவங்க. தூக்கம் வரல. அந்த மாதிரி ஒரு காரியத்துக்கு என்ன காரணம் இருக்க முடியும்னு வருசக்கணக்கா ரோசிச்சு ரோசிச்சு எழுதுனேன். கதைன்னு எழுத உக்காந்தா காரணம் இல்லாம முடிக்க மனசு ஒப்பல. நானா ஒண்ண வெச்சேன்."

"அப்ப அது பொய்யா?"

"கதைம்மா," என்றார். பிறகு அந்தப் பதில் தனக்கே போதாதது போல, "பொய்யின்னும் சொல்ல முடியல. நெசம்னும் சொல்ல முடியல," என்றார். புத்தகத்தை அவளிடம் நீட்டினார். ஆனால் கையை உடனே எடுக்கவில்லை. "மொதல்ல நீ படி. குடுக்கலாம்னு தோணுனா தம்பிட்ட குடு. இல்லாட்டி வேணாம்."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஜூலி படிக்கத் தொடங்கினாள். மெதுவாகப் போகிற கதை. கொலை நடுவில்தான் வந்தது. அதற்கு முன்னால் அந்த இரண்டு நண்பர்களும் அவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள். கொலை செய்யப்போகிறவன் கெட்டவனாக இல்லை. பாத்திரம் கழுவுவான், ஊருக்குப் போன் பேசுவான், நண்பனுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவான். அவனுடைய அப்பா பக்கவாதத்தில் வாய் கோணிப்போய்ச் செத்தவர். ஒரு நாள் கடையில் எல்லார் முன்னாலும் நண்பன் விளையாட்டுக்கு அந்த வாயை நடித்துக் காட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். 'சிரிப்பு அடங்கிய பிறகும் அவன் வாய் கோணியபடியே இருந்தது' என்று ஒரு வரி. அதன் பிறகு கத்தி.

ஜூலி புத்தகத்தை மூடினாள். அவளுடைய அப்பா சூசைமாணிக்கமும் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்துதான் செத்தார். இப்படி ஒன்று இதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பகுதியைத் தம்பி எப்படிப் படிப்பான்? அப்பாவை நினைத்து உடைந்துபோவானே என்றுதான் பயந்தாள். வேறு எந்தப் பயமும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. சில நாள் புத்தகம் அவளுடைய பைக்குள்ளேயே கிடந்தது. அடுத்த மனுவில் ஜெகன், "கெடச்சுதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டான். தன்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது இந்த ஒன்றுதான், இதையும் மறைத்துவைப்பதா என்று எண்ணிக் கொடுத்துவிட்டாள். வாசலில் சோதித்த காவலர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "இவனுக்கு கொலைக் கதைதான் கொறச்சலா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே அனுப்பினார்.

அதன் பிறகு ஜெகன் மாறினான். சாப்பிட ஆரம்பித்தான். தாடியை மழித்தான். கண்ணைப் பார்த்துப் பேசினான். அம்மா பாக்கியமேரியை அழைத்து வரச் சொன்னான். வராமலே இருந்த அம்மா வந்து, வலையில் விரலை நுழைத்து அவன் விரலைத் தொட்டுவிட்டு, வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். லூர்துசாமி ஜூலிக்குப் போன் செய்தார். "உன் தம்பி வாயத் தொறந்துட்டாம்மா! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எவ்ளோ வசதியா இருந்துருக்கும்." என்ன சொன்னான் என்று கேட்டதற்கு, கோர்ட்டுக்கு வா, நீயே கேளு என்றார்.

கடலூர் கோர்ட்டில் அன்று கூட்டம் அதிகமில்லை. செல்வனின் அம்மா பவானி முன்வரிசையில், கூட யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள். பெற்றதும் அந்த ஒருவனைத்தான். ஜூலி பின்னால் சுவரோரம் நின்றாள். நீதிபதி கேட்டதற்கு ஜெகன் கைகளைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"எங்கப்பாவுக்கு பக்கவாதம் வந்து வாய் கோணிக்கிச்சுங்கய்யா. செத்தும் போயிட்டாரு. செல்வன் அன்னிக்கி டீக்கடையில எல்லார் முன்னாடியும் எங்கப்பா மாதிரி வாயக் கோணிக் காட்டுனான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்ச பொறவும் அவன் வாய் அப்புடியே கோணிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலய்யா."

அந்த வரியைப் பஸ்ஸில் படித்த இடம்கூட ஜூலிக்கு நினைவில் இருந்தது. முன்வரிசையில் பவானி எழுந்து நின்றுவிட்டாள். "அய்யா, அப்படி செய்ய மாட்டான்யா எம் புள்ள!" என்றாள். உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

லூர்துசாமி அனுமதி வாங்கி டீக்கடைக்காரரை மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற்றினார். செல்வன் அன்று முகத்தை, வாயை எதுவும் செய்தானா? கடைக்காரர் வெகுநேரம் யோசித்தார். "வாய்கிட்ட கையக் கொண்டுபோயி, மூஞ்ச ஒரு மாதிரி பண்ணுனாருங்க. சிரிச்சாங்க. எதுக்குன்னு நான் கவனிக்கல." சூடாக டீ குடித்தால் யாரும் வாயைக் கோணத்தான் செய்வார்கள் என்றார் அரசு வக்கீல். அதுவும் இருக்கலாம் என்றார் கடைக்காரர். அவர் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்.

அடுத்த மனுவில் ஜூலி வீட்டுச் செய்தி எதுவும் சொல்லவில்லை.

"அது புக்குல வர்றதுடா."

"ஆமா," என்றான் ஜெகன். மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "படிச்சப்ப அதான்னு தோணுச்சுக்கா."

"தோணுச்சா? நடந்துச்சா?"

அவன் நெற்றியை வலையில் சாய்த்துக்கொண்டான். "அன்னிக்கி அவன் என்னா பேசுனான்னு எனக்கு ஞாபகமே இல்ல. சிரிச்சது தெரியுது. கம்பி கையில இருந்தது தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல. தெனம் தோண்டித் தோண்டிப் பாக்குறேன், வெறும் வெள்ளையா இருக்குது. ஒண்ணும் இல்லாமயா செல்வன நான் கொன்னேன்? அப்புடின்னா நான் யாருக்கா? ஏதாச்சும் ஒண்ணு இருந்துருக்கணும்ல?"

"அப்பாவுக்கு கஞ்சி ஊட்டுனவன்டா அவன். நீ ஷிப்ட் போனப்ப எல்லாம் ஆஸ்பத்திரில அப்பா வாயத் தொடச்சு வுட்டவன். அவனப் போயி—"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"வேற என்னா சொல்ல? நீயே சொல்லு. வேற காரணம் ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு, அதையே சொல்றேன்." அவன் குரல் உடைந்தது. "கோர்ட்டுக்காக சொல்லலக்கா. அது இருந்தாத்தான் எனக்கு சோறு எறங்குது."

நேரம் முடிந்தது என்று காவலர் சத்தம் போட்டார். ஜூலிக்கு வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளும் மண்ணுக்குள் போய்விட்டான்.

லூர்துசாமியிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு, கையை மேசைமேல் வைத்து நிதானமாகச் சொன்னார். "எந்த புக்கு? எனக்கு எந்த புக்கும் தெரியாது. கட்சிக்காரன் சொன்னத நான் சொன்னேன். சாட்சியும் ஒத்து வந்துருக்கு. நீ இத எங்கயாவது போய் சொன்னா ஒந்தம்பி ஆயுசு பூரா உள்ள கெடப்பான். ஒங்கம்மா அத தாங்குவாங்களான்னு ரோசன பண்ணு. போ."

அன்று மாலை லால்பேட்டையிலிருந்து போன் வந்தது. ரஃபியுதீன் பேப்பரில் கோர்ட்டுச் செய்தியைப் படித்திருந்தார். "அந்த வரி என்னோடதும்மா," என்றார். "அந்தப் புள்ளையோட தாய்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா? சொன்னா ஒந்தம்பிக்கு ஜாஸ்தி தண்டன ஆயிடுமா? எனக்கு ஒண்ணும் புரியல. நான் அந்த ரெண்டு பேரையும் கதையில வெச்சு சமாதானம் பண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." எதுவும் செய்ய வேண்டாம் என்றாள் ஜூலி. தன் குரலில் லூர்துசாமியின் தொனி இருந்தது அவளுக்கே கேட்டது.

தீர்ப்பு வந்தது. முன்கூட்டித் திட்டமிட்டதல்ல, இறந்தவர் தூண்டிய திடீர் ஆத்திரத்தில் நடந்தது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயுள் தண்டனை இல்லை. குறைந்த வருடங்கள்தான், உள்ளே இருந்த காலமும் கழியும். பாக்கியமேரி கோர்ட்டு வாசலிலேயே முழங்கால் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். 'இறந்தவர், குற்றம் சாட்டப்பட்டவரின் காலமான தந்தையை ஏளனம் செய்ததால்' என்று தீர்ப்பில் எழுதியிருந்ததை லூர்துசாமி ஜூலிக்குப் படித்துக் காட்டினார். அவள் அம்மாவைத் தூக்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றினாள். மறுபக்கம், புளியமர நிழலில் பவானி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணெதிரேதான் கிடந்தது. அவள் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு ஜூலி குடிகாட்டுக்குப் போனால் பவானி வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். ஆனால் ஒரு மதியம் பவானியே சிதம்பரத்துக்கு வந்து ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றாள். நோயாளி வரிசையில் நிற்பவளைப் போல, கையில் ஒரு துணிப்பையோடு, கூப்பிடும் வரை பேசாமல் நின்றாள்.

"வாங்க அத்தை," என்றாள் ஜூலி. வேறென்ன சொல்வது? சிறு வயதிலிருந்து கூப்பிட்ட முறை அதுதான்.

உள்ளே உட்கார வேண்டாம் என்று பவானி சொல்லிவிட்டாள். இருவரும் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நிழல் பார்த்து ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜூலி தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். பவானி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"சண்ட போட வரல ஜூலி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எம்புள்ள அப்புடி செஞ்சானா? ஒங்கப்பா வாய அவன் கோணிக் காட்டுனானா? நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன். யாருட்டயும் போய் சொல்ல மாட்டேன்."

ஜூலி எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். செய்தான் என்று சொன்னால் இந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள். மறுபடி வரமாட்டாள். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. செல்வன் அவளுடைய அப்பாவின் வாயில் கஞ்சியை ஊற்றி, வழிந்ததைத் தன் துண்டால் துடைத்து, "மாமா, இன்னொரு வாய்," என்று கெஞ்சியது அவள் கண்முன் நின்றது. 'செய்தான்' என்ற சொல் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

"இல்லத்தை," என்றாள். "செல்வன் அப்புடி செய்யல. அது ஒரு கதை புக்குல வர்றது. நான்தான் தேடிப் பிடிச்சு வாங்கிக் குடுத்தேன். அதப் படிச்சிட்டு ஜெகன் சொல்றான். அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

பவானி சத்தம் போடுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து ஜூலி உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பவானி அசையவில்லை.

"கதை புக்குலயா?"

"ஆமாத்தை."

"அப்ப ஏன் அடிச்சான்?"

"தெரியலத்தை. அவனுக்கும் தெரியல."

இதைக் கேட்டதும் பவானியின் முகம் மாறியது. இவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் நழுவிவிட்டது போல இருந்தது. கடலூர் பஸ்ஸின் கண்டக்டர் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்.

"இத கோர்ட்டுல வந்து சொல்லுவியா?" என்றாள் பவானி.

ஜூலி வாயைத் திறந்தாள். அம்மா முழங்கால் போட்டிருந்ததும் ஜெகன் நெற்றியை வலையில் சாய்த்ததும் நினைவுக்கு வந்தன. தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும்," என்றாள் பவானி. குரலில் கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. "நீ சொல்லாமயே இருந்துருக்கலாம் ஜூலி."

"அத்தை..."

"தீர்ப்பு வந்ததுலேருந்து தெனமும் அவன் போட்டோவப் பாத்து திட்டிக்கிட்டு இருந்தேன். ஏன்டா பாவி, சாவுற வயசாடா, எதுக்குடா அந்த மனுசன கிண்டல் பண்ணுன, ஒன் வாயாலதான்டா நீ போனன்னு. அடுப்பு பத்த வெக்கிறப்ப திட்டுவேன், துணி தொவைக்கிறப்ப திட்டுவேன். திட்டத் திட்ட அவன் வூட்டுலயே இருக்கிற மாதிரி இருந்துச்சு. மனசுக்குள்ள இல்ல இல்லன்னு ஒண்ணு அடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. அதுக்குத்தான் ஒன்ன கேக்க வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எந்தப் பாவமும் செய்யாத புள்ளைய இத்தன நாளா திட்டியிருக்கேன். இனிமே வூட்டுக்குப் போயி அவன்கிட்ட என்னா பேசுவேன்?"

ஜூலி அவள் கையைப் பிடிக்கப் போனாள். பவானி கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. அது மடியில் ஒரு பொருளைப் போலக் கிடந்தது. பவானி எழுந்து பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

ஜூலியும் பின்னாலேயே போனாள். படியில் ஏற முழங்கையைத் தாங்கினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்து பவானி உட்கார்ந்தாள். ஜூலி கீழே நின்றாள். பஸ் பின்னால் நகர்ந்து, வளைந்து, தெருவில் ஏறியது. பவானி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்கு என்ன முகத்தைக் காட்டுவது என்று ஜூலிக்குத் தெரிந்திருக்காது.